அம்மானுக்கு ஆகாத பிள்ளை

கனகசபாபதி தன் வாழ்நாளில் அரசாங்கத்திடம் ஒரேயொரு தரந்தான் உதவி கேட்டார். அந்த ஒரு தரமே அவருக்குப் போதும் என்றாகிவிட்டது.

மனிதர் ஐம்பத்தேழு வயதுப் பிரமச்சாரி. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் லிகிதராக இருந்து இளைப்பாறியவர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சாய்மனைக் கதிரை என்று ஒருவருக்கும் உபத்திரவம் இல்லாமல் இருந்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனி மாதம் அவருடைய தங்கை றஞ்சிதத்தின் மகள் ஆரபி வந்து சேர்ந்தாள். ஏழு வயது. தாயும் தகப்பனும் வன்னிக்குள். பாதை மூடிக் கிடந்தது. வவுனியாவைத் தாண்டி வரப் பாஸ் கிடைத்தது பிள்ளைக்கும், அவளைக் கூட்டிவந்த பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் மட்டுந்தான்.

மாமனும் மருமகளும் ஒருவரையொருவர் கண்டது அதுதான் முதல் தடவை. முதல் வாரம் முழுக்க அவள் கட்டிலுக்குக் கீழேதான் படுத்தாள். தலைக்கு மேலே போகும் விமானம் இரத்மலானையில் இறங்குவதற்குப் போகிறது, குண்டு போட அல்ல என்று நம்பவைக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் கட்டிலில் ஏறிக்கொண்டாள், அவர் சாய்மனைக் கதிரைக்கு இறங்கிக்கொண்டார். சித்திரைக்குள் அவருக்குப் பதமாகச் சோறு வடிக்க வந்துவிட்டது. வைகாசிக்குள் இரட்டைப் பின்னல் பின்னவும் வந்துவிட்டது. ஆவணி பிறந்தபோது, இந்தப் பிள்ளை இல்லாமல் இத்தனை வருடமும் என்னத்தைச் செய்துகொண்டிருந்தேன் என்று தன்னையே கேட்கத் தொடங்கியிருந்தார்.

கீழ்த்தட்டில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த மஷூர்தான் பத்திரிகை விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

“ஐயா, இதப் பாருங்க. சொந்தக்காரப் புள்ளய வெச்சு வளக்கிறவங்களுக்குக் கவுமெண்டு பால்மா, யூனிபோம், சப்பாத்து எல்லாம் குடுக்குதாம். ஒரு போம் நெரப்பினாச் சரியாம்.”

ஆரபியின் சப்பாத்தில் பெருவிரல் வெளியே வந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கனகசபாபதி வேட்டியை மாற்றி, காற்சட்டை போட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

உறவுப் பிள்ளைப் பராமரிப்புச் சகாயத் திணைக்களம் கொட்டாஞ்சேனையில் ஒரு வெங்காயக் கிட்டங்கிக்கு மேலே இருந்தது. கீழிருந்து எழும்பும் நெடியில் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கண்ணீர் வடியும். ‘பொதுமக்கள் எமது சேவையை நாடி ஆனந்தக் கண்ணீருடன் வருகின்றனர்’ என்று திணைக்களத்தின் ஆண்டறிக்கையில் எட்டு வருடமாக எழுதி வந்தார்கள்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். அதை வாங்கிப் பார்த்த லிகிதரின் பெயர் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பது அவருடைய உத்தியோகத்துக்கு ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

“ஐயா, ஒன்பதாம் கேள்வி நிரப்பேல்லையே. பெற்றோர் இறந்தவங்களா, காணாமப் போனவங்களா, வெளிநாட்டிலயா, சிறையிலயா? ஒண்டுக்குக் கோடு போடுங்க.”

“ஒண்டுமில்லைத் தம்பி. உயிரோட இருக்கினம். வன்னியில இருக்கினம்.”

“வன்னி வெளிநாடா?”

“இல்லை.”

“அப்ப ஏன் வரேலாது?”

“பாதை மூடியிருக்கு.”

“யார் மூடினது?”

கனகசபாபதி குரலைத் தாழ்த்தி, “அரசாங்கந்தான்” என்றார்.

ஒஸ்வால்ட் பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, இது அரசாங்கக் கந்தோர். அரசாங்கம் பாதையை மூடினதெண்டு அரசாங்கத்துக்கே நான் எப்பிடி எழுதிறது? ‘பிரயாணத்தில் உள்ளனர்’ எண்டு போடுவம். ஒருத்தருக்கும் நோகாது.”

பிறந்து வளர்ந்த மண்ணில் நாலாவது தரமாகத் தறப்பாள் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த றஞ்சிதமும் புருஷனும் இவ்விதமாக உல்லாசப் பயணம் கிளம்பினார்கள்.

அடுத்தது பிறப்புச் சாட்சிப்பத்திரம். பிள்ளையின் பிறப்பைப் பதிந்த கந்தோர் பதிவேடுகளோடு சேர்ந்து எரிந்துபோய்விட்டது. பிரதி எடுக்க வழியில்லை. இங்கேதான் கனகசபாபதி தன் பெரிய பிழையைச் செய்தார். அதைப் பிழை என்று அவர் நினைக்கவேயில்லை. கெட்டித்தனம் என்று நினைத்துத்தான் செய்தார்.

றஞ்சிதம் பிள்ளையின் உடுப்புப் பைக்குள் சாதகக் குறிப்பை ஒரு பொலித்தீன் உறையில் சுற்றி வைத்து அனுப்பியிருந்தாள். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி வீட்டை விட்டு ஓடும்போது காணி உறுதி, பிள்ளையின் குறிப்பு இரண்டையும்தான் முதலில் எடுப்பாள். கனகசபாபதி அந்தக் குறிப்பைப் பெருமையோடு மேசையில் வைத்தார்.

“சாட்சிப்பத்திரத்தில திகதி மட்டுந்தான் கிடக்கும். இதில நாழிகை, வினாடி, நட்சத்திரம், பாதம் எல்லாம் கிடக்கு. இதைவிட அத்தாட்சி உங்களுக்கு வேற என்ன வேணும்?”

ஒஸ்வால்ட் கத்தோலிக்கர். சாதகத்தைக் கண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு சுற்றுநிருபத்தைப் புரட்டினார். ‘பிறப்பை உறுதிப்படுத்தும் வேறு ஏதேனும் எழுத்து ஆவணம்’ என்று ஒரு வரி இருந்தது. குறிப்பின் ஆறு பக்கத்திலும் ஆறு முத்திரை குத்தி, சிங்கள மொழிபெயர்ப்புக்கு அனுப்பினார். கனகசபாபதி வழியில் ஒரு சீனிப் பணியாரப் பார்சல் வாங்கிக்கொண்டு வெற்றிவீரராக வீடு போனார்.

ஐந்து வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது.

‘தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணத்தின் மூன்றாம் பக்கம், நான்காம் வரியில், “சிசு கொடி சுற்றிப் பிறந்தமையால் அம்மானுக்கு ஆகாது” எனக் காணப்படுகிறது. உத்தேசக் காப்பாளராகிய தாங்களே மேற்படி அம்மான், அதாவது தாய்மாமன், என அறியக்கிடக்கிறது. பிள்ளையும் காப்பாளரும் ஒருவருக்கொருவர் ஆபத்தாக உள்ளவிடத்து, பிரிவு 14இன் கீழ் பிள்ளை அரச சிறுவர் விடுதிக்கு மாற்றப்படல் வேண்டும். மாற்றத் திகதி: திசம்பர் 31.’

கனகசபாபதி கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். உள் அறையில் ஆரபி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அவள் ஒவ்வொரு தரமும் வெற்றிக் குரலில் கத்தியபோது அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.

விடிந்ததும் கொட்டாஞ்சேனைக்கு ஓடினார்.

“தம்பி, எனக்குப் பால்மாவும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். என்ர விண்ணப்பத்தைத் திருப்பித் தாருங்கோ.”

“அது முடியாது ஐயா” என்றார் ஒஸ்வால்ட், உண்மையான கவலையோடு. “பைல் திறந்தாச்சு. திறந்த பைலை மூடிறதெண்டா ஒண்டில் உதவி குடுக்கவேணும், இல்லாட்டிப் பிள்ளையை எடுக்கவேணும். பிள்ளையை அந்தரத்தில விட்டாலும் பரவாயில்ல, பைலை அப்பிடி விடேலாது.”

“நான் கேக்காமலே விட்டிருந்தா?”

“கேக்காம விட்டிருந்தாப் பிள்ளை உங்களோட சந்தோஷமா இருந்திருக்கும். எங்களுக்கும் தெரிய வந்திருக்காது.”

பணிப்பாளரைக் காண்பதற்கு இரண்டு கிழமை பிடித்தது. பணிப்பாளர் கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருடமாகக் கொழும்பில் வீற்றிருப்பவர். தமிழைக் கோட்டும் சூட்டும் போட்டுத்தான் வெளியே விடுவார்.

“மிஸ்டர் கனகசபாபதி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பகுத்தறிவாளன். சாதகம், தோஷம் இவற்றில் எனக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. என் மகளுக்கு எட்டில் செவ்வாய் இருந்தபடியால்தான் கலியாணம் பிந்தியது. அதைக்கூட நான் நம்பவில்லை. ஆனால் ஆவணத்தில் ஆறு முத்திரை இருக்கிறது. முத்திரையை நம்பாமல் நான் எப்படி இந்தக் கதிரையில் இருப்பது?”

“சேர், அதே குறிப்பில கீழ பரிகாரமும் போட்டிருக்கு. அம்மான் பிள்ளையின்ர முகத்தை முதல் எண்ணெய்க்குள்ள பாக்கவேணும். அவ்வளவுதான். பிள்ளை பிறந்தபோது பாதை இல்லை, நான் போகேல்லை. இப்ப பாத்தாச் சரிதானே?”

பணிப்பாளர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். ஐந்தாம் வரியில் பரிகாரம் இருந்தது. அதற்கு மேலும் முத்திரை விழுந்திருந்தது. அவர் முகம் தெளிந்தது.

“செய்யலாம். ஆனால் வீட்டில் செய்தால் அது மூடநம்பிக்கை. திணைக்களத்தில், குழுவொன்றின் முன்னிலையில் செய்தால் அது நடவடிக்கை.”

நடவடிக்கை தொடங்கியது. ஒரு போத்தல் நல்லெண்ணெய்க்கு மூன்று கடைகளில் விலைமனு கோரப்பட்டது. ஒரு கடைக்காரர் தேங்காயெண்ணெய்க்கு விலை அனுப்பியதால் மறுபடியும் கோரப்பட்டது. பித்தளைத் தட்டம் திணைக்களத்தின் பொருட்பதிவேட்டில் இல்லை. தேநீர்த் தட்டை இரண்டு மணித்தியாலத்துக்குத் தற்காலிகமாகப் பித்தளைத் தட்டமாக நியமித்து உத்தரவு வெளியானது. இதற்குள் திசம்பர் பாதி போய்விட்டது.

கடைசி நேரத்தில் பணிப்பாளரே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததில் அவருக்கிருந்த பூரிப்பு சொல்லி முடியாது.

“முதன்முதலாகப் பார்ப்பது எண்ணெயில் என்பதுதானே விதி? நீர் ஒன்பது மாதமாகப் பிள்ளையை நேரே பார்த்துக்கொண்டிருக்கிறீர். ஆகவே, மூன்று வேலை நாட்கள் பிள்ளையின் முகத்தைப் பாராமல் இரும். அதற்குப் பிறகு பார்ப்பதை முதல் தடவையாகத் திணைக்களம் கருதும்.”

“சேர், இடையில சனி ஞாயிறு வருகுதே?”

“அன்றைக்குத் தாராளமாகப் பார்க்கலாம். அலுவலகம் பூட்டியிருப்பதால் அது பார்த்ததாகாது.”

வியாழன், வெள்ளி, திங்கள் மூன்று நாளும் கனகசபாபதி கண்ணைத் துவாயால் கட்டிக்கொண்டார். ஆரபிக்கு அது மிகப் பெரிய கொண்டாட்டமாகப் போய்விட்டது. அவரை அறைக்கு அறை கூட்டித் திரிந்தாள், சோற்றைக் குழைத்து ஊட்டினாள், கதிரை என்று சொல்லிக் கட்டிலில் இருத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தலை பின்னுவதற்கு மட்டும் அவள் முதுகைக் காட்டி இருந்தாள். அவர் தடவித் தடவிப் பின்னியதில் ஒரு பின்னல் காதுக்கு மேலும் மற்றது பிடரியிலும் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை கண்கட்டோடுதான் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் கண் கட்டிய தமிழனை வழக்கமாக வேறு ஆட்கள் வேறு வாகனங்களில்தான் கொண்டுபோவார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கையைப் பிடித்துப் பகிரங்கமாகக் கூட்டிப்போவதை, வெள்ளவத்தைப் பெருந்தெருவான காலி வீதி அன்றுதான் கண்டது. சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் துவக்கோடு ஓடிவந்தான்.

“மொகத மே?” இதென்ன என்று சிங்களத்தில் அதட்டினான்.

“மாமா என்னைப் பாக்கக் கூடாது” என்றாள் ஆரபி தமிழில்.

கனகசபாபதி தடவிச் சட்டைப்பையிலிருந்து, மூன்று நாள் முகம் பாராமல் இருக்கச் சொல்லிச் சிங்களத்தில் எழுதியிருந்த திணைக்களக் கடிதத்தை எடுத்து நீட்டினார். சிப்பாய் முதலில் மனதுக்குள் வாசித்தான். பிறகு கூட நின்றவனுக்கு உரக்க வாசித்தான்.

“பவ், அங்கள்” என்று பரிதாபப்பட்டுக் கடிதத்தை மடித்து அவர் பையிலேயே வைத்தான். “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லி, ஒரு பஸ்ஸை மறித்து இருவரையும் ஏற்றியும் விட்டான். அந்த ஒன்பது மாதத்தில் அரசாங்கத்தின் கையால் கனகசபாபதிக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

குழுவில் பணிப்பாளர், ஒஸ்வால்ட், கணக்காய்வு அதிகாரி டோரின் மிஸ் என்று மூன்று பேர். டோரின் மிஸ் மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் சிவப்புப் பேனாவுமாக மூலையில் இருந்தார். அவர் வாய் திறந்தால் யாருக்காவது இடமாற்றம் வரும் என்று திணைக்களத்தில் ஒரு பயம் இருந்தது. தேநீர்த் தட்டில் எண்ணெய் ஊற்றப்பட்டது. மின்விசிறிக் காற்றில் எண்ணெய் ஆடியதால் முகம் விழவில்லை, விசிறியை நிறுத்தினார்கள். பணிப்பாளருக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. ஆரபி மேசைக்கு மேலே குனிந்தாள். கனகசபாபதியின் கண்கட்டை ஒஸ்வால்ட் அவிழ்த்தார்.

எண்ணெய்க்குள் ஒரு கோணல் பின்னல் தெரிந்தது. பிறகு இரண்டு கண்கள். பிறகு அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள். கனகசபாபதி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்தது, அது வெங்காயத்தால் வந்ததல்ல. பிறந்த அன்றைக்கே இந்த முகத்தைப் பார்க்கக் கிடைக்காமற் போனதே என்று அப்போதுதான் அவருக்கு முதன்முதலாகக் கவலை வந்தது.

“பார்க்கப்பட்டது!” என்று அறிவித்தார் பணிப்பாளர். “தோஷம் நீங்கியது. பைலை மூடலாம்.”

“ஒரு நிமிஷம்” என்றார் டோரின் மிஸ்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“தோஷம் நீங்கிட்டா, அம்மானுக்கு ஆகாது எண்ட அந்த வரி இப்ப பொய். ஒரு வரி பொய் எண்டா ஆவணம் செல்லாது. ஆவணம் செல்லாட்டிப் பிள்ளை பிறந்ததுக்கு அத்தாட்சி இல்ல. பிறக்காத பிள்ளைக்காக இந்தத் திணைக்களம் ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கியிருக்கு. அதுக்கு யார் பதில் சொல்றது, மிஸ்டர் கதிர்காமநாதன்?”

பணிப்பாளர் நெற்றியைத் துடைத்தார். “அப்படியானால்... பரிகாரம் செய்யப்பட்டது, ஆனால் பலிக்கவில்லை என்று எழுதுவோமே.”

“எழுதலாம். ஆனா அப்ப ஆபத்து இன்னும் இருக்கு. பிரிவு பதினாலு. முப்பத்தொராம் திகதி பிள்ளை விடுதிக்குப் போகவேணும்.”

கனகசபாபதி ஆரபியின் கையை இறுக்கிப் பிடித்தார். முப்பத்திரண்டு வருடம் ‘சரி சேர், ஓம் சேர்’ என்றே பழகிய மனிதருக்கு அன்றைக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

“மிஸ், ஆபத்தெண்டா இருந்திட்டுப் போகட்டும்! எனக்கு அந்த ஆபத்து வேணும். மேல பிளேன், ரோட்டில குண்டு, வீட்டில பொலிஸ் பதிவு எண்டு இந்த ஊரில எத்தினை ஆபத்தோட இருக்கிறன். அதையெல்லாம் ஆர் எடுத்து விடுதியில வைக்கினம்? இந்தப் பிள்ளை ஒண்டுதான் எனக்குச் சந்தோஷமான ஆபத்து. இதை மட்டும் ஏன் எடுக்கிறியள்?”

டோரின் மிஸ் கண்ணாடியை மேலே தள்ளினார்.

“ஆபத்து வேணும் எண்டதை எழுத்தில தருவீங்களா?”

“இப்பவே தாறன்.”

டோரின் மிஸ் பணிப்பாளர் பக்கம் திரும்பினார். “சேர், உங்கட திணைக்களத்தில ‘ஆபத்துக்குள்ளானோர் ஆறுதல் நிதி’ எண்டு ஒண்டு இருக்கில்லையா? இந்த வருஷம் அதில ஒரு சதமும் செலவழிக்கேல்ல. ஏன்?”

“தகுதியானவர்கள் கிடைக்கவில்லை” என்றார் பணிப்பாளர் வருத்தத்தோடு. “ஷெல் விழுந்தது என்று வருகிறார்கள். விழுந்ததற்கு ஆவணம் கேட்டால் காயத்தைக் காட்டுகிறார்கள். காயத்தில் முத்திரை இருக்கிறதா? இந்த நாட்டில் ஆபத்தில் இருப்பதை இன்றுவரை ஒருவரும் முறைப்படி நிரூபிக்கவில்லை.”

“இவர் நிரூபிச்சிருக்கிறார். ஆறு முத்திரை. திசம்பருக்குள்ள செலவழிக்காட்டி அடுத்த வருஷம் நிதியையே வெட்டிடுவாங்க.”

பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்தே விட்டார். நாட்டின் முதலாவது உத்தியோகபூர்வ ஆபத்தாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிகாரம் பலிக்கவில்லை என்று மூன்று பேரும் மனமகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள்.

முப்பதாம் திகதி கடிதம் வந்தது. மஷூர்தான் உரக்க வாசித்தார். கனகசபாபதிக்கு மாதாமாதம் ஆறுதல் உதவி வழங்கப்படும். ஆபத்து நீங்கினால் உதவி நிறுத்தப்படும் என்பதாலும், இடையில் நிறுத்துவது கணக்காய்வுக்கு முரண் என்பதாலும், ஆபத்துக்குக் காரணமான பிள்ளையை எவரும் எச்சூழ்நிலையிலும் அவரது வீட்டிலிருந்து அகற்றலாகாது. அகற்றும் உத்தியோகத்தர் தண்டனைக்குரியவர். ஒவ்வொரு மாத முடிவிலும் அம்மான் தாம் தொடர்ந்தும் ஆபத்தில் இருப்பதாகச் சத்தியக் கடிதம் தரல் வேண்டும்.

“அல்லாஹ்வே!” என்றார் மஷூர். “ஐயா, ஒங்களுக்கு இனி விமோசனமே இல்ல.”

தை மாதக் கடைசியில், புதுச் சப்பாத்தைக் கழற்ற மனமில்லாமல் காலில் போட்டபடியே கட்டிலில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த ஆரபி, மாமா எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

“மாமா, இந்த மாதமும் ஆபத்தோ?”

“ஓம் பிள்ளை. போன மாதத்தைவிடக் கூட.”

அவள் பென்சிலைக் கடித்து யோசித்தாள். “அம்மாவும் அப்பாவும் வந்தா என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவினம். அப்ப மாமாவுக்கு ஆபத்து ஒண்டும் இருக்காதெல்லே?”

கனகசபாபதியின் பேனா நின்றது. அந்த நாளை அவர் எத்தனையோ தரம் நினைத்திருந்தார். நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வந்தன. பிறகு படிவத்தில் ‘தொடர்ந்தும்’ என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

“அவையும் வரட்டும். இஞ்ச இடமிருக்கு. நாலு பேருமாச் சேர்ந்து ஆபத்தில இருப்பம்.”